தடையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: திருமணத் தயாரிப்பு வகுப்பு பற்றி ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் அவர்களுக்கும் மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுச் செயலர் தந்தை அவர்களுக்கும்,

வரும் தை மாதத்துத் திருமணங்கள் முதல், திருமணத் தயாரிப்பு வகுப்பு மூன்று நாள் நடக்காது, ஒரே ஞாயிறில் முடிந்துவிடும் என்று பங்குகளுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பின்பக்கத்தில் நேர அட்டவணையும் இருக்கிறது. ‘உடல், பாலுறவு, இயற்கைக் குடும்பத் திட்டம்’ எல்லாவற்றுக்கும் சேர்த்து மதியம் 2.00 முதல் 2.40 வரை. சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில் 40 நிமிடம். ‘குடும்ப வரவு செலவு’க்கு ஒரு மணி நேரம்.

இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது. நாங்கள் இந்த வகுப்புகளில் பாடம் எடுக்கும் பொதுநிலையினர்: செவிலியர், மருத்துவர், மறைக்கல்வி ஆசிரியர், மணமான தம்பதியர். நேரம் குறைந்துவிட்டது என்பது மட்டும் எங்கள் குறையல்ல. மூன்று நாள் இருந்தபோதே இந்தப் பாடம் சரியாக நடக்கவில்லை. திருத்த வேண்டியதை வெட்டிவிட்டீர்கள் என்பதுதான் எங்கள் வருத்தம்.

வகுப்பில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கைக்குக் கை சுற்றி வரும். பெயர் போடாமல் கேள்வியை எழுதி மடித்து அதில் போடலாம். ஆண்டுதோறும் விழுகிற சீட்டுகள் ஏறக்குறைய ஒன்றேதான். “முதலிரவில் இரத்தம் வராவிட்டால் பெண் கெட்டுப்போனவளா?” “சேர்ந்த மறுநாள் நற்கருணை வாங்கலாமா, பாவசங்கீர்த்தனம் செய்யணுமா?” “தவக்காலத்தில் சேர்ந்தால் பாவமா?” “விலக்கு நாளில் பெண் கோயிலில் வாசகம் வாசிக்கலாமா?” “எனக்கு இஷ்டமில்லாத நாளில் அவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாமா?” இந்தக் கடைசிக் கேள்வி பெரும்பாலும் பென்சிலில், பொடி எழுத்தில் இருக்கும்.

முதல் நற்கருணையும் உறுதிபூசுதலும் வாங்கி, பத்தாண்டுக்கு மேல் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில் ஒன்றும் மறைபொருள் அல்ல. கன்னித்திரை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இரத்தம் எதற்கும் சான்றாகாது. கணவனும் மனைவியும் சேர்வது மேன்மையும் மாண்பும் உள்ள செயல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருஅவை’ ஏட்டின் 49-ஆம் எண்ணில் சொல்லிவிட்டது. அது நற்கருணைக்குத் தடை என்றால் அந்த வாக்கியத்துக்கே பொருளில்லை. தவக்காலத்துக்குத் தனித் தடை எதுவும் இல்லை. விலகியிருப்பதானால் இருவரும் ஒத்துக்கொண்டு, செபத்துக்காக, கொஞ்ச காலம் மட்டும் என்பதுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் (7:5). மாதவிடாய் வாசகத்துக்கும் நற்கருணைக்கும் தடையே இல்லை. ஐந்தில் நான்குக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் கொடுக்காததால்தான் கேள்வி கல்யாண வயது வரை டப்பாவுக்குள் கிடக்கிறது.

கோளாறு முதலில் நாம் பயன்படுத்தும் சொற்களிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘chastity’ என்பதற்குக் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடு (எண் 2337) சொல்லும் பொருள், பாலியல்பு ஒருவரின் முழு ஆளுமையோடும் இசைந்து நிற்கும் நிலை. அது ஆணுக்கும் பெண்ணுக்கும், மணமானவருக்கும் துறவிக்கும் பொது. தமிழில் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘கற்பு’. அருள்சகோதரியின் வார்த்தைப்பாட்டுக்கும் அதே சொல், ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணை நிறுத்திக் கேட்பதற்கும் அதே சொல். வகுப்பில் ‘கற்பு’ என்று சொன்ன மாத்திரத்தில் மாப்பிள்ளைப் பிள்ளைகள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று போனை எடுத்துவிடுவார்கள். ‘பாலியல் தன்னடக்கம்’, ‘தூய அன்பு’ என்று மாற்றிச் சொன்னால் அதே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அச்சிட்ட பாடக் குறிப்பில் மட்டும் இன்னும் பழைய சொல்லே இருக்கிறது.

இன்னொன்று ‘உடல்’. நம் திருவிவிலியத்தில் பவுல் கண்டிக்கும் இடங்களில் ‘ஊனியல்பு’ என்று தெளிவாக இருக்கிறது. கலாத்தியர் 5-இல் ஊனியல்பின் செயல்களாக வரும் பட்டியலில் பரத்தைமையோடு பகைமையும் பொறாமையும் கட்சிச் சண்டையும் சேர்ந்தே நிற்கின்றன. பொறாமைக்கும் உடலுக்கும் என்ன தொடர்பு? பவுல் பேசுவது கடவுளுக்கு எதிராகத் திரும்பிய மனிதப் போக்கைப் பற்றி. தோலையும் தசையையும் பற்றியல்ல. மேடையேறினால் இந்த வேறுபாடு காணாமல் போய், உடல் கெட்டது, ஆன்மா நல்லது என்று முடிகிறது. வாக்கு மனுவுருவானார் என்று மூவேளைச் செபத்தில் நாள்தோறும் சொல்லும் சமயம் நம்முடையது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 செப்டம்பர் 5 முதல் 1984 நவம்பர் 28 வரை 129 புதன்கிழமை உரைகளை இதற்கென்றே ஒதுக்கினார். ‘உடலின் இறையியல்’ என்று அறியப்படுவது அதுதான். பரிசேயர் மணவிலக்கு பற்றிக் கேட்டபோது இயேசு சட்டத்தைப் புரட்டாமல் ‘தொடக்கத்துக்கு’ அழைத்துப்போன மத்தேயு 19-இல் ஆரம்பித்து, தொடக்கநூலின் முதல் மூன்று அதிகாரங்களை வரி வரியாக எடுத்தார். ஆதாமின் தனிமை, இருவரின் ஒன்றிப்பு, ஆடையின்றி இருந்தும் வெட்கமில்லாமை. பிறகு வெட்கம் ஏன் வந்தது? உடல் அசிங்கமானதால் அல்ல. ஒருவரை ஒருவர் பயன்படுத்தும் பொருளாகப் பார்க்கும் பார்வை நுழைந்ததால். 1980 அக்டோபர் 8 அன்று அவர் இன்னும் ஒரு படி போனார்: தன் சொந்த மனைவியையே இச்சை தீர்க்கும் பொருளாக மட்டும் நோக்குகிற கணவனும் ‘உள்ளத்தில் விபசாரம்’ செய்கிறான் என்றார். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையாயிற்று. நம் வகுப்புகளில் இந்த உரைகள் ஒற்றை ஸ்லைடாகச் சுருங்கிவிட்டன: ரோஜாப்பூப் படம், மேலே ‘உடல் ஒரு கொடை’ என்ற வாசகம். அவ்வளவுதான்.

பென்சில் கேள்விக்கு வருகிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய ஹுமானே வீத்தே சுற்றுமடல் என்றால் கருத்தடைக்குத் தடை என்பதே எல்லோர் நினைப்பும். அதே சுற்றுமடலின் 13-ஆம் எண்ணை ஆயர் அவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மனைவியின் (அல்லது கணவரின்) நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயல் அல்ல, ஒழுக்கநெறிக்கு மாறானது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பம் பற்றிய ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 154-ஆம் எண்ணில் அதையே மீண்டும் எடுத்துக்காட்டினார். இந்தியச் சட்டத்திலோ, பாரதிய நியாய சன்ஹிதா 63-ஆம் பிரிவின் இரண்டாம் விலக்கின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவன் வலுக்கட்டாயம் செய்தால் அது வல்லுறவுக் குற்றத்தில் சேராது. இந்த ஓர் இடத்தில் 1968-இல் எழுதிய சுற்றுமடல் நாட்டின் சட்டத்தைவிட முன்னே நிற்கிறது. அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய நாம், ‘மணவாழ்வுக் கடமை’ என்று சொல்லி மறுக்கக் கூடாது என்ற தொனியில் முடிக்கிறோம். பவுல் அந்தக் கடமையை இருவருக்கும் சமமாகவே எழுதினார்: மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ளது போலவே, கணவனின் உடல்மேல் மனைவிக்கும். இரண்டாம் பாதி வகுப்பில் வருவதே இல்லை. திருமணத் திருப்பலி வாசகமும் அப்படித்தான். எபேசியர் 5-க்கு வாசக நூல் 21-ஆம் வசனத்தை, ‘ஒருவருக்கொருவர்’ பணிந்திருக்கச் சொல்வதை, சேர்த்தே தருகிறது. பல கோயில்களில் வாசகர் 22-இல், ‘மனைவியரே’ என்று, தொடங்கிவிடுகிறார்.

அடுத்தது இயற்கைக் குடும்பத் திட்டம்: கருவள நாள்களை அடையாளம் கண்டு பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும் முறை. இங்கேதான் 40 நிமிடம் என்பது வெறும் போதாமை என்ற நிலையைத் தாண்டி அநீதி ஆகிறது.

செயற்கைக் கருத்தடை வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மாற்று வழியைக் கற்றுக்கொள்ளக் குறைந்தது மூன்று மாதவிடாய்ச் சுற்று வேண்டும். ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தை எடுத்துவிட்டீர்கள். குடும்பம் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய ஃபமிலியாரிஸ் கொன்சோர்சியோ (1981) மடலின் 33-ஆம் எண், கருவள நாள்களின் ஒழுங்கைப் பற்றிய அறிவு மணமானவர்களுக்கு மட்டுமல்ல, மணமாகப் போகும் இளையோருக்கும் தெளிவாக, உரிய காலத்தில், பொறுப்போடு கிடைக்க எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது. கற்பிப்பவர் யார் என்பதும் அங்கேயே இருக்கிறது: தம்பதியர், மருத்துவர், துறை அறிந்தவர்.

இப்போது காட்டப்படும் ஸ்லைடில் 28 நாள் சுற்று, 14-ஆம் நாள் சிவப்பு வட்டம். “முதல் ஏழு, கடைசி ஏழு பாதுகாப்பு” என்று ஒரு வரி. இதை நம்பிப் போகிறவர்கள் ஓராண்டுக்குள் ‘சர்ச் சொன்ன முறை வேலைக்காகாது’ என்று திரும்பி வருகிறார்கள். தவறு முறையில் இல்லை, ஸ்லைடில் இருக்கிறது. முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள நாள்கள் பெரும்பாலும் 11 முதல் 16 வரை. அது அதிகம் மாறாது. மாறுவது அதற்கு முந்தைய பகுதி. 35 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை 21-ஆம் நாளை ஒட்டி வரும், 14-இல் அல்ல. 22 நாள் சுற்று உள்ளவருக்கு 8-ஆம் நாளிலேயே வரக்கூடும்; கருப்பை வாயில் சுரக்கும் நல்ல சளியில் விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருப்பதால் ‘பாதுகாப்பான’ 4-ஆம் நாளும் கருத்தரிக்கும் நாளே. கடைசி ஏழு நாள் எவை என்பதோ மாதவிடாய் வந்த பிறகுதான் தெரியும்.

மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் மருத்துவத் தம்பதி 1950-களில் தொடங்கி உருவாக்கிய முறை கணக்கை நம்புவதில்லை. அந்தச் சளி காட்டும் அன்றன்றைய அடையாளத்தை (வறட்சி, ஈரம், வழுக்கல்) நம்புகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் இதைச் சோதித்தபோது அவற்றில் ஒன்று பெங்களூர். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பெண்கள் முதல் சுற்றிலேயே தங்கள் அடையாளத்தைப் புரிகிறபடி பதிந்து காட்டினார்கள். படிப்பறிவு ஒரு தடையல்ல. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், கூட இருந்து பார்க்க வேண்டும்.

எங்கே தவறுகிறது என்பதற்கு ஒரு நோட்டுப் பக்கத்தைக் காட்டுகிறோம். ‘நாள் 9: வறட்சி. நாள் 12: ஈரம், ஒட்டுகிறது. நாள் 15: வழுக்கல், நூல் போல் நீளுகிறது. நாள் 16: வழுக்கல் மட்டும், கண்ணுக்கு எதுவும் படவில்லை. நாள் 17: வறட்சி.’ உச்ச நாள் எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 15 என்பார்கள், அன்றுதான் அதிகம் தெரிந்தது என்பதால். சரியான விடை 16. வழுக்கும் உணர்வு கடைசியாக இருந்த நாளே உச்ச நாள். பார்ப்பதைவிட உணர்வதுதான் முதன்மை. அதுவும் மறுநாள் மாறிய பிறகே தெரியும். உச்ச நாளுக்குப் பின் மூன்று நாள் விட்டு நான்காம் நாளிலிருந்து அந்தச் சுற்று முடியும்வரை கருத்தரிக்காது. 16 என்றால் 20-ஆம் நாளிலிருந்து. 15 என்று எண்ணியவர்கள் 19-ஆம் நாளே சேர்கிறார்கள். முட்டை உச்ச நாளுக்குப் பின் இரண்டு நாள் வரை தாமதித்து வெளியாகலாம், அதன்பின் ஒரு நாள் உயிரோடு இருக்கும். 19-ஆம் நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் பிசகு, ஒரு கர்ப்பம். இந்தப் பிசகைப் பலகையில் எழுதித் திருத்த முடியாது. அந்தந்தப் பெண்ணின் சொந்த நோட்டை வைத்துத்தான் திருத்த முடியும்.

உச்ச நாளுக்கு முந்தைய பகுதிக்கு வேறு விதிகள். இரத்தப்போக்கு அதிகமுள்ள நாள்களில் விலகுவது, அப்போது சளி தொடங்கினாலும் தெரியாது என்பதால். வறண்ட நாள்களில் மாலை நேரம் மட்டும், அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள். மாலை ஏன் என்றால் பகல் முழுவதும் நடமாடிப் பார்த்த பிறகே அன்று வறட்சிதான் என்று உறுதியாகும். ஒருநாள் இடைவெளி ஏன் என்றால் மறுநாள் விந்துநீரின் ஈரம் அடையாளத்தை மறைக்கும். அடையாளம் மாறினால் விலகி, பழைய வறட்சி திரும்பி மூன்று நாள் ஆகும்வரை காத்திருப்பது. ‘ஏன்’ என்பதைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் எந்தத் தம்பதியும் இரண்டு மாதம் தாங்குவதில்லை.

வெப்பமானியையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. முந்தைய ஆறு நாள் அளவுகளைவிட 0.2 டிகிரி செல்சியஸாவது கூடி மூன்று நாள் நிலைத்தால் முட்டை வெளியாகிவிட்டது என்று கொள்ளலாம். எழுந்து நடமாடும் முன், நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மாமியார் வீட்டில் நாலரை மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழும் மருமகளுக்கு முதல் மாதங்களில் இது சரிப்படாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

திருமணத்துக்கு முந்தைய மூன்று மாதம்தான் இதைக் கற்க ஏற்ற காலம். உறவு இல்லாததால் அடையாளம் கலப்பில்லாமல் தெரியும், அவசரமும் இல்லை. தாலி கட்டிய பிறகு கற்பதென்றால் முதல் மாதம் விலகியிருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். எந்தப் புதுமணத் தம்பதி கேட்பார்கள்? இதில் இன்னொரு சிக்கல், கல்யாணத் தேதிக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட விழுங்கும் ஹார்மோன் மாத்திரை. நம் ஊரில் பல பெண்கள் கேட்கும் மாத்திரை அது. அதை எடுத்த சுற்றில் நோட்டை நம்பக் கூடாது. நிறுத்திய சில நாளில் வரும் இரத்தப்போக்குக்குப் பின் புதிதாகப் பார்க்கத் தொடங்க வேண்டும். வகுப்பில் இதுவரை இதற்கு இடமில்லை.

பிரசவத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெண் தாய்வீட்டில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ இருந்துவிட்டுத் திரும்புகிறாள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால் கருத்தரிக்க வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. மூன்றில் ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ராத்திரி ஒரு பாட்டில் புட்டிப்பால் என்று மாமியார் தொடங்கும்போதே அது தளர்கிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், யாரும் சொல்வதில்லை. இரண்டாம் பிரசவத்தில் வார்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் படிவம் வருகிறது, வலி அடங்கும் முன் கையெழுத்து. ஹுமானே வீத்தே 14-ஆம் எண் அதை ஏற்கவில்லை என்பது அவளுக்குப் பிறகு ஒரு தவக்காலத் தியானத்தில் தெரியவருகிறது. ‘ஆபரேஷன் பண்ணிட்டேன் சாமி’ என்ற குற்றவுணர்வு அவளுக்கு மட்டும். படிவத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட கணவருக்கு இல்லை. எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு: கட்டிக்காகவோ புற்றுக்காகவோ கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்த பெண்கள் அதையும் பாவம் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். நோய்க்கான சிகிச்சை தடையில்லை என்று அடுத்த எண்ணே (15) சொல்கிறது.

குழந்தையில்லாத் தம்பதிகள் விஷயத்தில் நம் மௌனம் இன்னும் மோசம். பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கருத்தரிப்பு மையங்களின் பலகைகள். அது கைகூடாவிட்டால் மாதம் ஒரு தேதியில் லாட்ஜில் வந்து உட்காரும் ‘ஆண்மைக் குறைவு’ வைத்தியர். சோதனைக் குழாய்க் கருத்தரிப்பைத் திருஅவை ஏன் ஏற்கவில்லை என்று 1987 பிப்ரவரி 22-இல் வந்த தோனும் வீத்தே என்ற வத்திக்கான் ஏடு விளக்கியது. என்னவெல்லாம் செய்யலாம் என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. உறவுக்கு உதவும், உறவின் இடத்தைப் பிடிக்காத சிகிச்சைகள் தகும்: ஹார்மோன் சிகிச்சை, கருக்குழாய் அடைப்பு நீக்கம், ஆணின் விதைப்பை இரத்தக்குழாய்ப் புடைப்புக்கு அறுவை. நோட்டு எழுதத் தெரிந்தவர்களுக்குக் கருவள நாள் எது என்று தெரிவதே பாதி சிகிச்சை. விந்துப் பரிசோதனைக்குத் தற்புணர்ச்சி தவிர வழியில்லை என்று மருத்துவமனைகள் சொல்லும். விந்தணுவைக் கொல்லாத, நுண்துளையிட்ட தனி உறையை உறவின்போது பயன்படுத்தி, உடல் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்கலாம். சாதாரண உறை உதவாது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்கு ஆண்பக்கக் காரணமும் உண்டு என்றிருக்க, முதல் மூன்றாண்டு மனைவியை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பும் வழக்கத்தை உடைக்க வகுப்பைவிட நல்ல இடம் கிடையாது. சோதனைக் குழாய் வழியே ஏற்கெனவே பிறந்த பிள்ளை எந்தப் பிள்ளைக்கும் குறைந்ததல்ல என்பதையும் அதே ஏடு சொல்கிறது. சில பங்குகளில் ஞானஸ்நானத்துக்கே தயங்கிக் கேட்கிறார்கள்.

திருமணத்துக்கு முந்தைய விசாரணைப் படிவம் பற்றிச் சுருக்கமாக. மணமக்களைத் தனித்தனியே உட்காரவைத்துப் பங்குத்தந்தை கேட்க வேண்டிய கேள்விகளை உபதேசியார் டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுகிறார், பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ தந்த சம்மதம் செல்லாது என்பது திருஅவைச் சட்டம் 1103. அம்மா முன்னால் எந்தப் பெண் ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்பாள்? மலட்டுத்தன்மை திருமணத்தைச் செல்லாததாக்காது; மாறாத, முன்பே இருந்த உறவு இயலாமை செல்லாததாக்கும்; ஆனால் மலட்டுத்தன்மையை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் அந்தத் திருமணமும் செல்லாது (1084, 1098). இந்த வேறுபாடு தெரியாமல் விசாரணை மன்றத்துக்கு வரும் வழக்குகள் வேண்டாதவை. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் இரத்த உறவுத் தடையில் நான்காம் படி. தாய்மாமன், அக்காள் மகள் மூன்றாம் படி. இரண்டுக்கும் தடையிலிருந்து விலக்கு கேட்டால் அனுமதித் தாள் வருகிறது. மரபணு ஆலோசனைக்குப் போங்கள் என்ற ஒரு வரி அந்தத் தாளில் இல்லை.

சுற்றறிக்கை சொல்லும் காரணம் பொய்யல்ல. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், மூன்று நாள் விடுப்பு கிடைப்பதில்லை. ‘அன்பின் மகிழ்வு’ 207-ஆம் எண்ணையும், அளவைவிடத் தரமே முக்கியம் என்பதை, நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அதே திருத்தந்தையின் முன்னுரையோடு 2022-இல் வந்த, திருமண வாழ்வுக்கான திருமுழுக்குப் புகுமுகப் பாணியிலான வழிகாட்டி மாதக்கணக்கில் உடன்நடப்பதைத்தான் கேட்கிறது. விடுப்பு இல்லை என்பதற்கு விடை பாடத்தை வெட்டுவதல்ல, பிரித்துப் போடுவது.

எனவே கேட்கிறோம். சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். தொடர்ந்த மூன்று நாளுக்குப் பதில் ஒரு மாத இடைவெளியில் மூன்று ஞாயிறுகள் வையுங்கள்; முதலாவது திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு, அன்றே நோட்டு கையில் கொடுக்கப்பட வேண்டும். வெளியூரில் இருப்பவர்களுக்கு நடுவில் உள்ள ஞாயிறு வீடியோ அழைப்பில் நடக்கட்டும். நோட்டுப் பக்கத்தை வாட்ஸாப்பில் பயிற்சி பெற்ற பெண் ஒருவருக்கு அனுப்பினால் போதும். நோட்டு ஒருமுறையாவது பார்க்கப்பட்ட பிறகே சான்றிதழ், சான்றிதழுக்குப் பிறகே ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு). உடல் பற்றிய பாடத்துக்கு மூன்று ஞாயிறிலும் சேர்த்து ஆறு மணி நேரம், காலையில். ஆண்களையும் பெண்களையும் தனி அறைக்கு அனுப்புவது டப்பாக் கேள்விகளுக்கு மட்டும் இருக்கட்டும். நோட்டுப் பாடத்தில் மாப்பிள்ளையும் உட்கார்ந்து எழுத வேண்டும், விலகியிருக்கும் நாள்களில் பாதிப் பொறுப்பு அவருடையது.

ஒவ்வொரு மறைவட்டத்துக்கும் (பல பங்குகள் சேர்ந்த தொகுதி) இரண்டு தம்பதியரைப் பயிற்றுவிக்கச் செலவை மறைமாவட்டம் ஏற்க வேண்டும். நம் மருத்துவமனைகளின் பேறுகாலப் பிரிவில் தாய்ப்பால் விதியையும் இரண்டாம் பிரசவத்துக்கு முந்தைய ஆலோசனையையும் ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே தொடங்கச் சொல்லுங்கள், பிரசவ வார்டில் வேண்டாம். விசாரணைப் படிவத்தைப் பங்குத்தந்தையே, கதவைச் சாத்தி, ஒவ்வொருவரையும் தனியே கேட்டு நிரப்ப வேண்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். பாடக் குறிப்பை மறுபதிப்புச் செய்யும்போது ‘கற்பு’ என்ற சொல்லை மாற்றுங்கள். ஹுமானே வீத்தே 13-ஐயும் 1 கொரிந்தியர் 7:4-இன் இரு பாதிகளையும் முழுமையாக அச்சிடுங்கள். மஞ்சள் நீராட்டுக்கு வந்து ஆசீர் கொடுக்கும் அருள்தந்தையர், அந்தப் பெண்பிள்ளைக்கும் அவள் வகுப்புப் பையன்களுக்கும் உடல் மாற்றம் பற்றிய பாடம் மறைக்கல்வியில் நடந்ததா என்று கேட்டுவிட்டு வரட்டும்.

திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் நம் கோயில்களில் கல்யாணம் இராது. பயிற்சியாளர் முகாமை அந்த வாரங்களில் நடத்தலாம். பாடத்திட்டமும் நோட்டின் மாதிரியும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. தை மாத வகுப்புக்குப் பெயர் பதிவு தொடங்குமுன் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தேதி சொல்லுங்கள். பிஸ்கட் டப்பாவையும் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பாடம் எடுக்கும் பொதுநிலையினர்